வெள்ளையடித்த தூண்

அண்ணன் வீட்டுத் தூணில் விரிசல் விழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்று ஆபீஸில் எல்லோருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை, மனசு நன்றாக இருக்கிறது என்றேன். அது பொய்யும் இல்லை. அவன் கட்டிய கட்டடம் ஏதாவது ஒன்று அவன் கண் முன்னாலேயே வாய் பிளக்க வேண்டும் என்று ஐந்து வருஷமாகக் காத்திருந்தவள் நான். அது அவனுடைய சொந்த வீடாகவே இருக்கும் என்று நினைக்கவில்லை. கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது.

எதிரே நின்றால் அண்ணனை வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். மனதுக்குள் எப்போதும் அவன், இவன்தான். இங்கே மனதில் இருந்தபடியே எழுதுகிறேன்.

அவன் கொத்தனாராகத் தொடங்கி வீடு கட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்டர் ஆனவன். நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். பத்துப் பன்னிரண்டு வருஷம் சேர்ந்துதான் வேலை பார்த்தோம். நான் படம் போடுவேன், அவன் கட்டுவான். சின்னமனூரிலிருந்து கூடலூர் வரை எங்களுக்கு நல்ல பெயர். படம் தங்கச்சி, வேலை அண்ணன், கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்பார்கள். கல்யாணமாகித் தேனிக்கு வந்த பிறகும் வாரம் ஒரு முறை கம்பத்துக்குப் பஸ் ஏறிப் போய் வேலை நடக்கும் இடத்தில் நிற்பேன்.

அதெல்லாம் ஒரு சன்ஷேடோடு முடிந்தது. ஜன்னலுக்கு மேலே மழை படாமல் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் காங்கிரீட் பலகை. ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள பலகை என்பதால் அதற்குக் கம்பி மேல்பக்கம் வர வேண்டும். கீழே வைத்தால் வைத்ததும் ஒன்றுதான், வைக்காததும் ஒன்றுதான். நான் படத்தில் மேலே போட்டிருந்தேன். அவன் கீழே வைத்தான். சாரம் பிரித்த அன்று அதன் மேல் ஏறி நின்ற கொத்தனார் பலகையோடு சேர்ந்து கீழே வந்தார். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. அவர் இன்றைக்கும் காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

வீட்டுக்காரர், வேலையாட்கள், எங்கள் சொந்தக்காரர்கள் என்று நாற்பது பேர் கூடி நின்ற இடத்தில் என் அண்ணன் சொன்னான். "படத்துல இருந்தபடிதேன் கம்பி வச்சேன். படம் போட்டது எந்தங்கச்சி."

நாற்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் பையில் அந்தப் படத்தின் பிரதி இருந்தது. எடுத்து விரித்துக் காட்டினேன். அவன் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்குப் பார்த்தாலும் புரியாது. இப்போது புதிதாகப் போட்டுக் கொண்டுவந்திருப்பாள் என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு என்னிடம் ஒருவரும் படம் போட வரவில்லை. தேனியில் இன்னொருவர் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நான் போடும் படங்களில் இன்று வேறொருவர் கையெழுத்துப் போடுகிறார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் தன் தெருவில், நாலு பேர் காதுபட, படம் சரி, தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். அதை அவன் வாயிலிருந்து பிடுங்க எது கையில் கிடைத்தாலும் விடுவதில்லை என்று இருந்தேன்.

கிடைத்தது நில அதிர்வு.

மார்கழி மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, பத்து மணி சுமாருக்கு, தேனி ஆபீஸில் என் மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் தண்ணீர் தானாக ஆடியது. நாற்காலியை யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல ஓர் உணர்வு. எல்லோரும் வெளியே ஓடி ரோட்டில் நின்றோம். ஐந்து நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டோம். மலைக்கு அந்தப் பக்கம் பூமி அசைந்திருக்கிறது, கம்பம் பக்கம் நன்றாகவே ஆடியதாம் என்று போன்கள் சொல்லின. பதினோரு மணிக்கு மதினி கூப்பிட்டாள். அண்ணன் பெண்டாட்டி. சண்டைக்குப் பிறகும் அவனுக்குத் தெரியாமல் என்னோடு பேசிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

"பாப்பா, கீழ வண்டி நிக்கிற எடத்துல மொதத் தூணு மண்டையில கீறல் விட்டிருக்கு. அவுக ஒண்ணுமில்லங்குறாக. நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறியா?" என்றாள்.

டீ வாங்கிக் கொடுத்தது அப்போதுதான்.

மறுநாள் கம்பத்துக்குப் போனேன். அண்ணன் வேலை நடக்கும் இடத்துக்குப் போயிருந்தான். அந்த வீட்டை அவன் எங்கள் சண்டைக்குப் பிறகு கட்டினான். வீடு கட்டுறவனுக்கே எதுக்குப் படம் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிப் படமே இல்லாமல் கட்டினான். கீழ்த்தளம் முழுக்க வெட்டவெளி. வாடகைக்கு நிறுத்தும் திராட்சைப் பெட்டி மினி லாரிகள் உள்ளே வந்து திரும்ப வேண்டும் என்பதற்காக ஒரு சுவர்கூட வைக்காமல் ஆறு தூண்கள் மட்டும் நிறுத்தியிருந்தான். முதல் மாடியில் அவனும் மதினியும். இரண்டாம் மாடியில் வாடகைக்கு ஒரு டீச்சர், அவள் கணவர், அவளுடைய மாமியார். இரண்டு மாடியின் சுவரும் கனமும் அந்த ஆறு தூண்களின் தலையில் உட்கார்ந்திருந்தன. பூமி ஆடும்போது மேலே இருக்கும் சுவர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே கட்டியாக நிற்கும். ஆட்டம் முழுவதையும் கீழே இருக்கும் தூண்கள்தான் தாங்க வேண்டும்.

முன் மூலைத் தூணின் உச்சியில், உத்திரம் வந்து உட்காரும் இடத்துக்குக் கீழே, விரிசல் சாய்வாக இறங்கியிருந்தது. ஏணி போட்டு ஏறினேன். ஓரத்தில் காங்கிரீட் பெயர்ந்து ஒரு கம்பி தெரிந்தது. ஸ்கேலை நுழைத்துப் பார்த்தேன். தடங்கலில்லாமல் உள்ளே போனது. இறங்கி வந்தபோது என் முகத்தில் சிரிப்பு இருந்திருக்க வேண்டும். சின்னதுதானா என்று மதினி நிம்மதியாகக் கேட்டாள்.

அப்போது டீச்சர் மாடியிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். இனிமேல் வருவதெல்லாம் இதைவிடச் சின்னதாகத்தான் வரும் என்று டிவியில் சொன்னார்களே, பெரிதையே தாங்கிய வீடு சின்னதைத் தாங்காதா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்த வாரம் பள்ளத்தாக்கு முழுக்க எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதுதான் தப்பு.

தரையில் கட்டுக்கம்பி ஒரு துண்டு கிடந்தது. கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் மெல்லிய கம்பி. அதைக் கொத்தனார்கள் குறடு வைத்து வெட்ட மாட்டார்கள். இப்படியும் அப்படியும் நாலு தடவை மடக்குவார்கள், தானே அறுந்துவிடும். அதை எடுத்து டீச்சர் கண் முன்னால் மடக்கிக் காட்டினேன். முதல் தடவை மடக்கத்தான் பலம் வேண்டும். கடைசித் தடவைக்கு இரண்டு விரல் போதும். வீடும் அப்படித்தான் என்றேன். முதல் அதிர்வில் காங்கிரீட் விண்டிருக்கிறது. கம்பிக்குப் பிடி தளர்ந்திருக்கிறது. தூண் ஒரு நூல் அளவு சாய்ந்தாலும் மேலே உள்ள கனம் இனிமேல் நேராக இறங்காது. அடுத்து வருவது சின்னதாக இருக்கலாம், ஆனால் அது வந்து அசைக்கப்போவது பழைய வீட்டை அல்ல. வருகிற அதிர்வின் அளவைப் பார்க்கக் கூடாது, வீட்டில் மிச்சம் என்ன பலம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டீச்சர் அறுந்த கம்பியை வாங்கிப் பார்த்தாள். சாயங்காலமே மூன்று பேரும் மூட்டை கட்டிக்கொண்டு போடியில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மதினி போகவில்லை. அவுகளுக்குச் சோறாக்க ஆள் வேண்டுமே என்றாள்.

விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதியும் நேரமும் எழுதினேன். மாடிப்படிச் சுவரில் இருந்த இரண்டு விரிசல்களுக்கும் அதே போல. அடுத்த அதிர்வுக்குப் பிறகு விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் வீடு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுத்து அனுப்பும்படி மதினியிடம் சொன்னேன். பார்ப்பவர்களுக்கு அது அக்கறை மாதிரித்தான் தெரிந்திருக்கும். நான் சாட்சி சேர்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூணுக்குப் பக்கத்தில் இரும்பு முட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் கேட்க மாட்டான் என்று என் கணவரிடம் சொன்னேன். உண்மையில், சொன்னால் கேட்டுவிடுவானோ என்பதுதான் என் பயம். முட்டுக் கொடுத்து வீடு நின்றுவிட்டால் அவன் பெயரும் நின்றுவிடும்.

அடுத்த மூன்று வாரத்தில் நான்கு தடவை பூமி அசைந்தது. ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சின்னது. இரண்டாவதுக்கு ஜனங்கள் ரோட்டுக்கு வந்தார்கள். மூன்றாவதுக்கு வாசல் வரை வந்தார்கள். நான்காவதுக்கு டீக்கடையில் யாரும் கிளாஸைக்கூடக் கீழே வைக்கவில்லை என்று மதினி சொல்லிச் சிரித்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். முதல் முறை விரிசல் கோட்டை ஒரு நூல் தாண்டியது. அடுத்த முறை இரண்டு விரல் தாண்டியது. அதிர்வு சின்னதாகிக்கொண்டே வந்தது. தூணின் பலம் அதைவிட வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. நான் வீரபாண்டி அம்மனை வேண்டிக்கொண்டேன், இன்னும் ஒன்று வரட்டும் என்று. அதையும் எழுதிவிடுகிறேன். மதினி அந்த வீட்டுக்குள்தான் சமைத்துக்கொண்டிருந்தாள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம், மதினியிடமிருந்து ஒரு படம் வந்தது. தூண் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. விரிசல் இல்லை. என் பென்சில் கோடு இல்லை. அடியில் காவிப் பட்டை நேராக ஓடியது. வீடு ஜம்முன்னு ஆயிருச்சு பாப்பா என்று கீழே எழுதியிருந்தாள்.

எங்கள் ஊரில் பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடு கிடையாது. அடிக்கிறவன் கண்ணில் படும் ஓட்டை, கீறல், ஆணி பிடுங்கிய குழி எல்லாவற்றையும் பூசி அடைத்துவிட்டுத்தான் சுண்ணாம்பு மட்டையைத் தொடுவான். வருஷா வருஷம் நடப்பது. அதில் யாருக்கும் ஒரு யோசனையும் இருப்பதில்லை. அண்ணனும் ஆள் வைத்துக் கீறலில் சிமெண்டுப் பால் ஊற்றி, பட்டி மாவு பூசித் தேய்த்து, மேலே இரண்டு கோட் அடித்துவிட்டான். அன்றைக்குக் கம்பத்தில் எத்தனை வீட்டு விரிசல்கள் அப்படி வெள்ளைக்குள் போயின என்று தெரியாது. கண்ணுக்குத் தெரியாமல் போனதும் வீடு குணமாகிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். டீச்சர் குடும்பமும் நம்பிவிட்டது. நல்ல நாளில் அடுத்தவர் வீட்டில் எதற்கு என்று அன்றைக்கே போடியிலிருந்து திரும்பி வந்துவிட்டார்கள். மேல்மாடியில் மறுபடியும் பாத்திரம் புழங்குகிறது என்று மதினி போனில் சந்தோஷமாகச் சொன்னாள்.

பூசிய பட்டி ஒரு விரிசலையும் பிடித்து நிறுத்தாது என்பது முதல் வருஷப் படிப்பு. டீச்சருக்கு ஒரு போன் போட்டிருந்தால் அன்று ராத்திரியே மூன்று பேரும் மறுபடி வெளியே வந்திருப்பார்கள். அவளுடைய நம்பர் என்னிடம் இருந்தது. போடவில்லை.

காரணங்கள் நிறைய வைத்திருந்தேன். அரசாங்க ஆபீஸ்களெல்லாம் லீவு, வீடு ஆபத்தானது என்று எழுதிக் கொடுக்கவும் ஆள் கிடையாது. போனில் சொன்னால் புரியாது. எல்லாம் சால்ஜாப்பு. உண்மை இவ்வளவுதான். போனில் சொன்னால் ஒரு குடும்பம் சத்தமில்லாமல் வெளியேறும், அவ்வளவோடு காரியம் முடிந்துவிடும். பொங்கல் அன்று காலை அந்தத் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் அடுப்பு இருக்கும். ஒரு ஆள் மிச்சமில்லாமல் வெளியே நிற்பார்கள். நாற்பது பேர் முன்னால் என்னைக் காட்டிக் கொடுத்தவனுக்கு நூறு பேர் வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு நாள்தானே என்று நினைத்தேன்.

பொங்கல் அன்று எங்கள் வீட்டுப் பானையை விடியும்போதே இறக்கிவிட்டுப் புதுச் சேலையைக் கட்டிக்கொண்டேன். பழிவாங்கப் போகிறவள் பழைய சேலையில் போகக் கூடாது. பையில் உளியும் சுத்தியலும். அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றதும் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து வருஷப் பகை தீர்ந்தது என்று நினைத்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் பையின் உள்ளே பார்க்காமலேயே சுத்தியலுக்கு மேல் வைத்தார். பஸ் உத்தமபாளையம் தாண்டும் வரை மடியில் அந்தப் பழம் கனத்துக்கொண்டிருந்தது.

நினைத்தபடியே தெரு நிறைந்திருந்தது. வாசலுக்கு வாசல் கோலம், கரும்பு, புகை. அண்ணன் வீட்டு வாசலில் மதினியும் டீச்சரும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் பானை வைத்திருந்தார்கள். தூணின் உச்சியில், விரிசல் இருந்த அதே இடத்தில், வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துப் போகிக் காப்புக் கட்டியிருந்தது. வா பாப்பா என்று மதினி சிரித்த முகமாக எழுந்தாள். நான் ஏணியை இழுத்துத் தூணில் சாத்தி ஏறினேன். காப்பைப் பிடுங்கிக் கீழே போட்டேன். உளியை வைத்து ஒரு போடு போட்டேன்.

அடுப்படியில் இருந்தவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். டீச்சர் என் உளியைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். "மேல அத்த பூசை பண்ணிக்கிட்டு இருக்காக" என்று சொல்லிக்கொண்டே படியேறி ஓடினாள். மேலே யாராவது இருக்கிறார்களா என்று நான் கேட்டிருக்கவில்லை. அவள் மாமியாரைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வரும்வரைகூட நான் நிறுத்தவில்லை. பட்டி பொரி மாதிரி உதிர்ந்தது. பின்னாலேயே காங்கிரீட் ஒரு கை அகலத்துக்குச் சரிந்து விழுந்தது. உள்ளே கம்பிகள் வெளிப்பக்கம் வளைந்து நின்றன. அவற்றைச் சுற்றிக் கட்டியிருக்க வேண்டிய வளையங்கள் ஒரு சாணுக்கு ஒன்று என்று ஏனோதானோவென்று இருந்தன. தூணின் தலையிலும் அடியிலும் அவை நெருக்கமாக வர வேண்டும், நாலு விரலுக்கு ஒன்று. அந்த இடத்திலேயே ஒரு வளையம் கொக்கி கழன்று வாயைத் திறந்திருந்தது.

அண்ணன் புது வேட்டியோடு படியிறங்கி வந்தான். "ஏத்தா, நல்ல நாளும் அதுவுமா என்ன வேல பண்ற?" என்றான். நான் இறங்கி வழிவிட்டேன். ஏறிப் பாருங்க என்றேன்.

ஏறினான். திறந்த வளையத்தில் விரலை விட்டுப் பார்த்தான். அங்கேயே நின்றான். அவன் கோபப்பட்டிருந்தால் என்னிடம் நூறு பதில் தயாராக இருந்தது. அவன் தலைக்கு மேலே இருந்த கூரையை அண்ணாந்து பார்த்தான். அதற்கு நேர் மேலேதான் அவர்கள் படுக்கும் அறை.

"எல்லா வீட்டுக்கும் இப்பிடித்தேன் வச்சேன். எங்க வீட்டுக்கும் இப்பிடித்தேன் வச்சேன்" என்றான். அவன் குரலில் பயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

நான் விடவில்லை. தெருவுக்கே கேட்கும்படி, "அப்ப அந்தச் சன்ஷேடு? படத்துல கம்பி எங்கன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

ஏணியில் நின்றபடியே சொன்னான். "படத்துல ரூம் அளவு பாப்பேன். குறுக்க அறுத்த மாதிரி ஒண்ணு போடுவியே, அது எனக்கு வெளங்காதுத்தா. வெளங்கலன்னு யார்ட்டப் போய்ச் சொல்ல? படம் சரியாத்தேன் இருந்திருக்கும். தப்பு எம்மேலதேன்."

நூறு பேர் கேட்டார்கள். நான் ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை அதுதான். இனித்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் பாதிதான் இனித்தது. பிறர் வீட்டில் ஏமாற்றியவன் தன் வீட்டை ஒழுங்காகக் கட்டியிருப்பான். இவன் தானும் பெண்டாட்டியும் படுத்துத் தூங்கும் அறையையும் அதே தப்போடுதான் கட்டியிருந்தான். அந்தக் காலத்தில், நீயே வந்து கம்பி கட்டுற எடத்துல நின்னு ஒரு தடவ காட்டிட்டுப் போத்தா என்று ஒவ்வொரு வேலைக்கும் கூப்பிடுவானே, அது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. சன்ஷேடு வேலையின்போது எங்களுக்குள் ஏதோ சின்னப் பிணக்கு. நான் போகவில்லை. காகிதத்தை மட்டும் கொடுத்தனுப்பினேன். தெரியாமல் செய்தவனைப் பழிவாங்குவதில் பாதி ருசி போய்விடுகிறது. மீதிப் பாதியை நான் விடாமல் தின்றேன். தெரியாதது குற்றமில்லை, தெரியாததை என் தலையில் போட்டது குற்றம். அதை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

பால் பொங்குவதற்குள் வீடு காலியானது. மதினி பாதி வெந்த பானையை இறக்கித் துணி சுற்றிக்கொண்டு ஜெயமங்கலத்தில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணனும் பின்னாலேயே போனான். மூலைத் தூணைச் சுற்றி முட்டுக் கொடுக்க ஆள் வருவதாக இருந்தது. மாட்டுப்பொங்கல் முடியட்டும், காணும் பொங்கல் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனது.

ஐந்தாம் நாள் பகலில் பூமி இன்னொரு தடவை அசைந்தது. தேனியில் எனக்குத் தெரியவே இல்லை. கம்பத்திலேயே பாதிப் பேருக்குத் தெரியவில்லையாம். வந்ததிலேயே சின்னது அதுதான். அந்த மூலைத் தூண் தலையில் நசுங்கி, முதல் மாடியின் முன்பக்கம் ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கி உட்கார்ந்தது. சத்தம் ஜீப் ஸ்டாண்டு வரை கேட்டதாகச் சொன்னார்கள். உள்ளே யாரும் இல்லை.

மறுநாள் நான் போனபோது கயிறு கட்டிக் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். இந்தம்மா இல்லேன்னா அஞ்சு உசுரு போயிருக்கும் என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னார். என்னிடம் வீடு காட்ட வேண்டும், படம் போட வேண்டும் என்று அங்கேயே இரண்டு பேர் நம்பர் கேட்டார்கள். டீச்சரின் மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நல்லாருக்கணும் ஆத்தா என்றார். கையை விடவே இல்லை. நான் நிமிர்ந்து நின்றேன். போன பெயர் திரும்பி வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

டீச்சர் பின்னால் நின்றிருந்தாள். கையில் போன். அதில் அந்த வெள்ளையடித்த தூணின் படம்.

"வீட்டுக்கார அக்கா இத அனுப்பித்தேன் எங்கள வரச் சொன்னாக. அதே நேரத்துல ஒங்களுக்கும் அனுப்புனதாச் சொன்னாக. பாத்ததுமே ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

தெரியும் என்றேன்.

"அப்ப ரெண்டு நாளு?"

போன் வேலை செய்யவில்லை, நம்பர் தொலைந்துவிட்டது, உடம்பு சரியில்லை என்று ஏழெட்டுப் பொய் நாக்கு நுனிக்கு வந்தது. அந்தக் கட்டுக்கம்பியை வாங்கிப் பார்த்த அதே கண்ணால் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல முடியவில்லை.

"தெரு நெறைய ஆளு வேணும்னு இருந்தேன்" என்றேன்.

அவள் போனைப் பையில் போட்டாள். வாங்கத்தே, போவோம் என்று மாமியாரைக் கூப்பிட்டாள். மாமியாருக்கு நாங்கள் பேசியது காதில் விழவில்லை, என் கையைப் பிடித்தபடியே வாழ்த்திக்கொண்டிருந்தார். டீச்சர் குனிந்து அந்தக் கையை என் கையிலிருந்து விரல் விரலாக எடுத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த இரண்டு நாளும் பூமி அசையவில்லை. அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.